மூணு முழக் குடலும் ஒரு கரண்டி ரசமும்

நவம்பர் 14, வெள்ளி

உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எழுதி வைக்க வேண்டுமாம். டாக்டர் ஜெசிந்தா உத்தரவு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "அப்ப ரீடிங் எடுக்கிறது உங்களுக்குப் பழக்கம்தானே சார்" என்று சிரிக்கிறார். ஊரார் வீட்டு மீட்டரும் கட்டின பெண்டாட்டியின் வயிறும் ஒன்றா? சரி, எழுதுகிறேன்.

இன்று மதியம் ஆவுடையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பாளையங்கோட்டை முழுக்க ஒரே மழை. ஆட்டோவிலிருந்து இறங்கி வாசற்படி ஏறி நடைக்கு வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். தீபாவளிக்கு முந்தின வாரம் இதே படியில் சிலிண்டரை உருட்டி ஏற்றியவள்.

உள்ளே: குழைந்த சோறு, ஒரு கரண்டி. வெளியே: எழுதுகிற மாதிரி இல்லை.

நவம்பர் 15, சனி

மகள் பகவதி பெங்களூரிலிருந்து போன் போட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் மறுபடி சொல்லச் சொன்னாள். சொல்லச் சொல்ல எனக்கே மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

குடலுக்குப் போகிற ரத்தக் குழாயில் கட்டி அடைத்துவிட்டது. தீபாவளி முடிந்த நாலாம் நாள் வயிற்று வலி என்று சுருண்டவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் சிறுகுடலில் பெரும்பகுதி கறுத்துப் போனது. வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆறு மீட்டர் இருக்க வேண்டியது, இப்போது ஒன்றரை மீட்டர்கூட இல்லை.

நேற்று வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "இரைப்பை சோத்தைக் கூழாக்கி அனுப்பும் சார். சிறுகுடல்ல பித்தநீரும் கணைய நீரும் சேர்ந்து அதைப் பொடிப்பொடியா உடைக்கும். உள்சுவர் பூரா, டவல்ல நூல் நூலா நிக்குமே, அந்த மாதிரி குட்டிக் குட்டி விரல்கள் இருக்கு. சத்தையெல்லாம் உறிஞ்சி ரத்தத்துல சேர்க்கிறது அதுதான். மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அது தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கும். அங்க குடியிருக்கிற கிருமிங்க, செரிக்காம வந்த மாவுச்சத்தைப் புளிக்க வச்சு, அதுலயும் கொஞ்சம் தெம்பு எடுத்துக் கொடுக்கும். அம்மாவுக்குப் பெருங்குடல் முழுசாத் தப்பிச்சது உங்க நல்ல நேரம்."

"மிச்சக் குடல் போதுமா?" என்று கேட்டேன்.

"வேலை கத்துக்கும். அந்த விரல்கள் நீளும், சுவர் தடிக்கும். மாசக்கணக்காகும். ஆனா சாப்பாடு வந்தாத்தான் கத்துக்கும். சும்மா போட்டு வச்சா அப்படியே கிடக்கும்."

பிப்ரவரி முதல் வாரம் எடை பார்ப்பாராம். இப்போது நாற்பது கிலோ. முப்பத்தெட்டுக்குக் கீழே போனால், ஆபரேஷன் ஆனதும் போட்டிருந்த மாதிரி மறுபடியும் கழுத்தில் குழாய். சத்தை நேராக ரத்தத்திலேயே ஏற்ற வேண்டும், ஆயுசுக்கும் ஏற்ற வேண்டி வந்தாலும் வரலாம். அதற்குச் சென்னைக்குப் போய்க் கிடக்க வேண்டும்.

ஆவுடை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒன்றரை மீட்டர்னா எத்தனை மொழங்க?" என்றாள்.

"மூணு முழம் வரும்."

"கல்யாணத்தன்னைக்கு என் தலையில வச்ச பூ அதைவிட நீளம்லா" என்றாள். நர்ஸ் பிள்ளை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 19, புதன்

சமையல் நான்தான். முட்டை வேக வைக்கத் தெரியும். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டாயிற்று. ஆவுடை கூடத்தில் நாற்காலியில் இருந்தபடியே, "உப்புப் போட்டீங்களா? அடுப்பைக் குறைச்சீங்களா?" என்று வானொலி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறாள். போடாத உப்பைப் போட்டாயிற்று என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆவுடையின் அண்ணன் சுடலைமுத்து அத்தான் வந்தார். கை நிறைய இளநீர், பை நிறைய அல்வா. திருநெல்வேலிக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அல்வா, துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனாலும் வருகிறபோது அல்வா.

"என்ன மாப்ளே, பிள்ளைய இப்படிக் காய விட்டிருக்கீரு? ஒடம்புல தண்ணி போகுதுன்னா தண்ணிய ஊத்தும்வே. இதுக்கு டாக்டரா வேணும்?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கு உதடு வெடித்துக் கிடக்கிறது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத்தானே போடுவோம்? இரண்டு இளநீர் குடித்தாள். "தேவாமிர்தம்" என்றாள். ஒரு வாய் அல்வா. மதியம் சோற்றில் ரசத்தைத் தளரத் தளர விட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. விடிந்ததிலிருந்து குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தவள், பத்து மணி வாக்கில் குளியலறையிலேயே சரிந்துவிட்டாள். தூக்கினால் கனமே இல்லை. அப்படியே ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். இப்போது ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிறது.

டாக்டர் ஜெசிந்தா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். "வெறும் தண்ணியும் இளநீரும் இனிப்பும் இந்தக் குடலுக்கு ஆகாது சார். இருக்கிற உப்பையும் இழுத்துக்கிட்டு வெளிய ஓடிடும். நீங்க ஊத்த ஊத்த அவங்க காஞ்சு போவாங்க. உப்பும் சர்க்கரையும் அளவாப் போட்ட தண்ணியை மட்டும், மடக்கு மடக்கா. சாப்பாட்டோட தண்ணியே கூடாது. சோறு உதிரியா, கெட்டியா. குழம்பு, ரசம், மோர் எல்லாத்தையும் நிறுத்துங்க. ஈரமாப் போனா நிக்காம ஓடும். அந்தக் கொஞ்சக் குடலுக்கு உறிஞ்ச நேரம் வேணும்ல?"

தலையாட்டினேன். இத்தனை வருடம் லைன் லாஸ் என்று மேலதிகாரியிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அனுப்புகிற கரண்ட் எல்லாம் வீடு வந்து சேராது என்று எனக்குத் தெரியாதா? வீட்டில் ஒருத்திக்கு நடக்கும்போது தெரியவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. ரசச் சட்டியைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டேன். பெருங்காய டப்பாவையும் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துவிட்டேன். மணம் வந்தால் அவள் ஏங்குவாள். இனிமேல் இந்த வீட்டில் ரசம் கிடையாது. எனக்கும் ரசம் அப்படியொன்றும் உயிர் இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

உள்ளே: காலை இட்லி ஒன்று, மதியம் உதிரிச் சோறும் முட்டையும் நாலு வாய். மாலையில் மசித்த உருளைக்கிழங்கு, பாதி. வெளியே: முன்னைக்குப் பரவாயில்லை.

நாலு வாயில் எழுந்துவிடுகிறாள். ஆவுடையா இது? நான் பெண் பார்க்கப் போன அன்று கூடத்தில் பெரியவர்கள் சீர் செனத்தி பேசிக்கொண்டிருக்க, அடுக்களைக்குள்ளிருந்து கடக் முடக் என்று ஒரே சத்தம். எலியா என்று எங்கள் மாமா கேட்டார். பெண்தான். எங்களுக்கு வைத்திருந்த முறுக்கை உள்ளே நின்று தின்றுகொண்டிருந்தாள். என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்தச் சத்தத்திலேயே பிடித்துவிட்டது. இதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து நானும் அதையே சாப்பிடுகிறேன். உதிரிச் சோறு, முட்டை, தண்ணீர் இல்லை. அவள் முன்னால் குழம்பை விட்டுக் குழைத்து அடிக்க நான் என்ன மிருகமா? பழகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது.

பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். தோல் இழுத்துவிட்டது போல.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. குளிர். ஆவுடைக்கு ஊசி போடும் நாள். சத்து ஊசி, மாதம் ஒன்று. சிறுகுடலின் கடைசித் துண்டு எடுக்க வேண்டிய சத்தாம் அது. அந்தத் துண்டு போய்விட்டதால் இடுப்பு வழியாக ஏற்றுகிறார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோ ஒரு சாப்பாட்டுக் கடையைத் தாண்டியது. இரண்டு பேர் தலையும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. குற்றாலத்தில் சீசனுக்குப் போனால் அருவிக்கு ஒரு மணி நேரம், சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு மணி நேரம். ஒரு தரம் அவள் மூன்றாம் தரமும் ரசம் கேட்டபோது பரிமாறுகிற ஆள் வாளியையே இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீங்களே பாத்துக்கிடுங்கக்கா" என்று போய்விட்டான். பகவதி அப்போது சின்னப் பிள்ளை, வெட்கப்பட்டு மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். ஆவுடை வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதைப் பற்றித்தான் அவளும் நினைத்திருப்பாள். கேட்கவில்லை.

டிசம்பர் 24, புதன்

எடை: முப்பத்தொன்பது. மூணு வாய் சோறு.

டிசம்பர் 25, வியாழன்

சண்டை போட்டேன். "ஏளா, சாப்பாடு போனாத்தான் குடல் வேலை கத்துக்கிடும்னு டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா? ஒனக்கு என்ன அழுத்தம்?"

"எறங்கலங்க. பொறவு சாப்பிடுதேன்."

"பொறவு பொறவுன்னே ரெண்டு மாசம் ஓடிட்டு."

"சும்மா கத்தாதீங்க. ஒங்க மொகரையப் பாத்தாலே எனக்கு எறங்க மாட்டேங்கு."

எனக்குக் கோபம் வந்து மாடிக்குப் போய்விட்டேன். இவளுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனின் மூஞ்சியைப் பார்த்தால் இறங்கவில்லையாம்.

ஜனவரி 2, வெள்ளி

பகவதி வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். போகும்போது வாசலில் வைத்து, "அப்பா, நீங்க ஏன்ப்பா இப்படி இருக்கீங்க? சட்டை தொங்குது" என்றாள். தையல்காரன் சரியில்லை என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

கல்யாணமான மூன்றாம் நாள் நடந்தது இன்று ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு முடிந்து, கடைசியில் தம்ளரில் ரசம். நான் சர்ர்ர் என்று குடித்தேன். எப்போதும் அப்படித்தான். புதுப்பெண், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாதவள், பரிமாறிக்கொண்டிருந்த கையை இடுப்பில் வைத்து, "சத்தம் போடாமக் குடிக்கத் தெரியாதா ஒங்களுக்கு? தெருவே திரும்பிப் பாக்கு" என்றாள். அம்மா அதிர்ந்துவிட்டாள். அப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதற்கப்புறம் நாற்பது வருடமாக அதே வசவு. மலைப்பக்கம் லைன் வேலைக்குப் போய் நாட்கணக்கில் கூடாரத்தில் கிடந்துவிட்டு நனைந்துகொண்டு வீட்டுக்கு வருவேன். கேள்வி கேட்காமல் ரசத்தைச் சுட வைப்பாள். நான் சர்ர்ர் என்பேன். அவள் வைவாள். வீடு வந்து சேர்ந்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் தோன்றும்.

எடை: முப்பத்தெட்டரை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வாசலில் பானை வைக்கவில்லை. அடுப்பில் ஒரு கைப்பிடி வைத்தேன், சாமிக்கு. சுடலைமுத்து அத்தான் வெறுங்கையோடு வந்தார், பாவம். தங்கச்சியைப் பார்த்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தார்.

"மாப்ளே, நான்தானவே அன்னைக்கு..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தான். ரெண்டு பேரும் சேந்துதான ஊத்தினோம்" என்றேன்.

பயமாக இருக்கிறது. இதை வேறு எங்கே எழுதுவது? முப்பத்தெட்டைத் தொட அரைக் கிலோதான் மிச்சம். அவள் இல்லாத இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

ஜனவரி 18, ஞாயிறு

இன்று ஒன்று நடந்தது.

மதியம் வழக்கம்போல இரண்டு தட்டு. உதிரிச் சோறு, பொரித்த மீன் ஒரு துண்டு. ஆவுடை சோற்றை விரலால் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் ரசம் தாளித்தார்கள். நெய், சீரகம், பெருங்காயம், கருவேப்பிலை. ஜன்னல் வழியாக மணம் குபீரென்று உள்ளே வந்தது. நான் துள்ளியெழுந்து ஜன்னலை அடைக்கப் போனேன்.

"அடைக்காதீங்க!"

அந்தக் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. நின்றுவிட்டேன்.

"செத்த நேரம் தொறந்து கெடக்கட்டும்."

மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே சாப்பிட்டாள். தட்டு காலி. மீன் முள்ளைக்கூட விடவில்லை. என் தட்டிலிருந்த துண்டையும் எடுத்துக்கொண்டாள். அப்புறம்தான் பேசினாள்.

"நாளைக்கு ரசம் வையுங்க."

"ஒனக்குக் கூடாதுளா."

"எனக்கில்ல. ஒங்களுக்கு."

"எனக்கு வேண்டாம். எனக்குப் பிடிக்காது."

"யாருகிட்ட? ரசத்துக்காக எங்கப்பா வீட்டுக்கு வாரத்துக்கு ஒருக்க வந்து நின்ன ஆளு." காலித் தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் ரெண்டு மாசமா என்ன பாக்கேன் தெரியுமா? எதுத்தாப்புல ஒரு மனுசன், எழவு வீட்டுச் சோறு மாதிரி வெறுஞ்சோத்த முழுங்கிக்கிட்டு, இளைச்சுத் துரும்பா இருக்காரு. வீட்டுல ஒரு மணம் கெடையாது, ஒரு சத்தம் கெடையாது. நான் செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகமா வருது. எனக்கு எப்படிங்க எறங்கும்? நீங்க நல்லாத் தின்னு நான் பாத்தாத்தான் எனக்குப் பசிக்கும். நாப்பது வருசமா அப்படித்தான பசிச்சது?"

இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய் நெடுநேரம் கழுவினேன்.

ஜனவரி 19, திங்கள்

காலையில் டாக்டர் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். ரசம் வைக்கலாமா, மணம் மட்டும், என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சிரித்தார். "தாராளமா வையுங்க சார். மணம் பட்டாலே வாய்ல எச்சில் ஊறும், வயித்துலயும் கணையத்துலயும் நீர் சுரக்க ஆரம்பிச்சிடும். சாப்பாடு வர்றதுக்கு முன்னாலயே உள்ள ஆளுங்க தயாராயிடுவாங்க. நானே சொல்லியிருக்கணும். பசியே இல்லாம யாரு சாப்பிடுவா?"

பரணிலிருந்து சட்டியை இறக்கினேன். ஆவுடை நாற்காலியை அடுக்களை வாசலிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "புளிய அப்படியா கரைப்பாவ? மெளகை ஒண்ணு ரெண்டாத் தட்டுங்க, மாவாக்காதீங்க. நுரை கட்டுனதும் எறக்கணும், கொதிக்க விட்டீங்க, தொலைஞ்சுது!" ஒரு கொதி வந்துவிட்டது. "சவத்த... போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தாளித்ததும் மணம் வீட்டை நிறைத்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவளுக்கு உதிரிச் சோறும் பருப்புப் பொடியும் முட்டையும். எனக்குத் தம்ளரில் ரசம். மெதுவாக, ஓசைப்படாமல் ஒரு மடக்குக் குடித்தேன்.

"என்னது அது?" என்றாள்.

"ரசம்."

"ரசத்த அப்படியா குடிப்பாவ? சத்தமாக் குடிங்க. எனக்குக் கேக்கணும்."

சர்ர்ர் என்று குடித்தேன். அவள் ஒரு வாய் சோறு எடுத்து வைத்தாள். இன்னொரு சர்ர்ர். இன்னொரு வாய். பாதித் தம்ளரில் எனக்குக் கண்ணிலிருந்து கொட்டிவிட்டது. அழுதேன், வேறு என்ன? மிளகு மேல் பழி போடலாம், ஆனால் மிளகைத் தட்டச் சொன்னதே அவள்தான், கண்டுபிடித்துவிடுவாள்.

ஜனவரி 27, செவ்வாய்

உள்ளே: காலை இட்லி மூன்று, எள்ளுத் துவையலோடு. மதியம் சோறு ஒரு தட்டு. மாலையில் தயிர்ச் சாதம், கெட்டியாக. வெளியே: கெட்டி! ஆமாம், கெட்டி. குளியலறையிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள். உடனே பகவதிக்குப் போன் போட்டேன். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாளாம். "அப்பா, இதையா இப்பச் சொல்லுவாங்க!" என்றவள் அப்புறம் அழுதுவிட்டாள். பெருங்குடல் தன் வேலையைப் பார்க்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

எடை மிஷினில் ஆவுடை ஏறினாள். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

"முப்பத்தொன்பதே முக்கால்" என்றார் டாக்டர் ஜெசிந்தா. வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். "இப்பக் குழாய் வேண்டாம். சென்னையும் வேண்டாம். முழுசாத் தேறிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், மாசா மாசம் பார்ப்போம். ஆனா குடல் கத்துக்குது." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், நீங்க ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"ஏறுங்க."

ஏறினேன். ஆவுடை எட்டிப் பார்த்துவிட்டு, "அடப்பாவி மனுசா" என்றாள்.

வெளியே வருமுன் அவளே தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டாக்டரம்மா, ரசம்... வாய் நனைக்க மட்டும்?"

"ஒரு கரண்டி. சாப்பிட்டு அரை மணி கழிச்சு. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணுதான், ஏமாத்தக் கூடாது."

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். இந்தத் தரம் நுரை கட்டினதும் இறக்கிவிட்டேன். அவள் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூட மணி அடிக்கக் காத்திருக்கிற பிள்ளையைப் போல. நேரம் ஆனதும் சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி விட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். முதலில் மோந்து பார்த்தாள். பிறகு கிண்ணத்தைத் தூக்கி, சர்ர்ர்ர் என்று ஒரே இழுப்பு.

தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சத்தம் போடாமக் குடிக்கத் தெரியாதா ஒனக்கு?" என்றேன்.

அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் ஒரே ஒரு கரண்டிங்க."

தரவில்லை. நாளைக்கு.